‘கெட்’ பிடிபட ஒரு வழி: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நான் இங்கே வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம், ஒரு கட்டுமானத் தளத்தில் நடந்தது இது. லாரி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. மேற்பார்வையாளர் கையை ஆட்டி “கெட் பேக்! கெட் பேக்!” என்று கத்தினார். ஊரிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகாத தம்பி ஒருவன் சாமான் எடுக்க எதிர்ப்பக்கம் போயிருந்தான். ‘பேக்’ என்றால் திரும்பி, ‘கெட் பேக்’ என்றால் திரும்பி வா என்று எடுத்துக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே ஓடி வந்தான். லாரிக்குப் பின்னால் குறுக்காக. பக்கத்தில் நின்றவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் ஒன்றும் ஆகவில்லை. மத்தியானம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. “அண்ணே, திரும்பி வான்னுதானே சொன்னாரு?” என்று என்னிடம் கேட்டான்.

அவன் எடுத்துக்கொண்ட பொருளும் தப்பில்லை. அந்தச் சொற்களுக்கு அப்படியும் ஒரு பொருள் உண்டு. அதுதான் என்னை வெகு நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து, புதிதாக வருபவர்கள் யாராவது ஆங்கிலம் பற்றிக் கேட்டால் ‘கெட்’ என்ற இந்த ஒரு வினைச்சொல்லிலிருந்துதான் தொடங்குவேன். காலையில் லாரி ஏறுவதிலிருந்து ராத்திரி சாப்பாடு வாங்குவது வரை இது காதில் விழாத நேரம் இல்லை. அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் பொருள் கொடுத்திருப்பார்கள். அதை மனப்பாடம் செய்யப் போகாதீர்கள். தமிழ் தெரிந்தவருக்கு இதைப் பிடிக்க இன்னும் சுலபமான வழி இருக்கிறது. கீழே சொல்லியிருக்கும் வரிசையில் போங்கள். ஒரு படிக்கு இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

முதல் படி: வாயைப் பழக்குவது

தமிழில் சொல்லுக்கு முதலில் வரும் ‘க’ அழுத்தமாகத்தான் ஒலிக்கும். கடல், கெண்டை, கொடி என்று சொல்லிப் பாருங்கள். இந்த ஆங்கிலச் சொல்லுக்கு மெலிந்த ‘க’ வேண்டும். அந்த ஒலி நம்மிடம் இல்லாததல்ல, சொல்லின் நடுவில் இருக்கிறது. அங்கே, சங்கு, தங்கை: இவற்றில் ‘ங்’குக்கு அடுத்து வருவது அதுதான். ‘அங்கெட்’ என்று பத்துத் தடவை சொல்லுங்கள். அப்புறம் முன்னால் இருக்கும் ‘அங்’கை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் சொல்லுங்கள். சரியாக வந்துவிடும்.

அடுத்தது வால். வல்லின மெய்யில் ஒரு சொல்லை நிறுத்த நம் நாக்கு ஒப்பாது. கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்துவிடும். ‘கெட்’ நம் வாயில் ‘கெட்டு’ ஆகிவிடுகிறது. ‘கெட்டு இட்டு’ என்று சொன்னால் எதிரே இருப்பவருக்கு அது வேறு ஏதோ சொல்லாகத் தோன்றும். நாக்கை மேலண்ணத்தில் வைத்ததும் அப்படியே நிறுத்திவிடுங்கள். இதன் இறந்தகால வடிவம் ‘காட்’. அதற்கும் இதே பயிற்சிதான்.

கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிங்கப்பூரில் பலர் கடைசி ‘ட்’டைத் தொண்டையிலேயே வெட்டிவிடுவார்கள். ‘காட்’ என்பது ‘கா’ என்று பாதியில் அறுந்த மாதிரி கேட்கும். உங்கள் காதில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள், இங்கே பேச்சே அப்படித்தான்.

இரண்டாம் படி: பிறந்த ஊரைத் தெரிந்துகொள்வது

வரலாறு எதற்கு, பேசக் கற்றுக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். இந்தச் சொல்லுக்கு வரலாறு தெரிந்தால் பாதிப் பொருள் தானாகப் புரிந்துவிடுகிறது. அதனால்தான் சொல்கிறேன்.

‘கெட்’ இங்கிலாந்தில் பிறந்த சொல் அல்ல. 9ஆம் நூற்றாண்டில் டென்மார்க், நார்வே பக்கமிருந்து வைக்கிங்குகள் படகேறி வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். கொள்ளையடிக்க வந்தவர்கள் நாளாவட்டத்தில் நிலம் பிடித்து, உழுது, அக்கம்பக்கத்தில் பெண் எடுத்து, பெண் கொடுத்து ஊரோடு ஊராகிப் போனார்கள். அவர்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் ‘கெட்டா’ என்று ஒரு வினை இருந்தது. பெறு, அடை என்று அதற்குப் பொருள். பிள்ளை பெறுவதற்கும் அதே சொல்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தமிழில் ‘பெறு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசு பெற்றான் என்கிறோம். பிள்ளை பெற்றாள் என்கிறோம். பெற்றோர், பேறு, மகப்பேறு எல்லாம் அதே வேரில் வந்தவை. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு மொழிகள், கைக்கு ஒரு பொருள் வருவதையும் மடிக்கு ஒரு பிள்ளை வருவதையும் ஒரே சொல்லால் சொல்லியிருக்கின்றன. இதை முதன்முதலில் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு இந்த ஆங்கிலச் சொல் அந்நியமாக இருந்தது போய்விட்டது. ‘கெட்’ என்றால் அடிப்படையில் ‘பெறு’. இந்த ஒன்றைக் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலேயர்களிடமும் இதன் பங்காளிச் சொல் ஒன்று இருந்தது. ஆனால் அது தனியாக நிற்காமல் வேறு சொல்லோடு ஒட்டியே வந்தது; ஒலியும் ‘யெட்’ என்பதுபோல் யகரமாக இருந்தது. ‘மற’ என்று பொருள்படும் ‘ஃபர்கெட்’ அப்படி வந்ததுதான். முன்னால் இருக்கும் ‘ஃபர்’ விலகிப்போவதைக் குறிக்கும். கையில் இருந்த பிடி நழுவிப் போனால் அதுதான் மறதி. 1200 வாக்கில் நோர்ஸ்காரர்களின் ‘கெட்’ ஆங்கிலத்தில் தனிச் சொல்லாக வேரூன்றியது. பழைய யகர ஒலி தேய்ந்து, ககர ஒலி நிலைத்துவிட்டது.

அதே மாதிரி ககரமும் யகரமும் மோதிய கதை ஒன்று முட்டைக்கும் உண்டு. இங்கிலாந்தில் முதல் அச்சுக்கூடம் வைத்த வில்லியம் காக்ஸ்டன் 1490இல் எழுதியது. தேம்ஸ் ஆற்றிலிருந்து நெதர்லாந்துப் பக்கமுள்ள ஜீலந்துக்குப் புறப்பட்ட வணிகர்கள் சிலர், காற்று இல்லாததால் வழியில் கரையேறி, ஒரு வீட்டில் சாப்பாடு கேட்கிறார்கள். அவர்களில் ஒருவர் ‘எக்ஸ்’ வேண்டும் என்கிறார். நோர்ஸ் வழி வந்த சொல் அது. வீட்டுக்காரம்மா “எனக்குப் பிரெஞ்சு தெரியாது” என்றுவிடுகிறார். வணிகருக்குக் கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாதே. அப்புறம் இன்னொருவர் ‘ஐரென்’ என்று பழைய ஆங்கிலச் சொல்லைச் சொன்ன பிறகுதான் அந்த அம்மாவுக்குப் புரிகிறது. ஒரே நாட்டுக்காரர்கள், ஒரே மொழி, கேட்டது முட்டை. உணவங்காடியில் நீங்கள் கேட்டது கடைக்காரருக்குப் புரியாமல் போனால் இந்த வணிகரை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்படி அக்கம்பக்கத்தில் வாழ்ந்தே சொல் மாறியது நமக்குப் புதிதா என்ன? மலாய்க்காரர்கள் கடையை ‘கெடாய்’ என்பார்கள், கப்பலை ‘காப்பால்’ என்பார்கள், பெட்டிக்குக் கிட்டத்தட்ட பெட்டி என்றே சொல்வார்கள். நம் வணிகர்கள் கொண்டுவந்து கொடுத்தவை அவை.

இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போகலாம். ‘கெட்டா’வுக்கும் முந்திய மூலவேருக்குக் கையால் பற்றுவது என்று பொருள். அதே வேர் லத்தீன் வழியாகவும் ஆங்கிலத்துக்கு வந்தது. புரிந்துகொள்வதைச் சொல்லும் ‘காம்பிரிஹெண்ட்’, போலீஸ் ஆளைப் பிடிப்பதைச் சொல்லும் ‘அப்பிரிஹெண்ட்’, சிறையைச் சொல்லும் ‘பிரிசன்’, ஏன், இங்கே எத்தனையோ கடைப் பலகைகளில் எழுதியிருக்கும் ‘எண்டர்பிரைஸ்’கூட அந்த வீட்டுப் பிள்ளைதான். எல்லாவற்றிலும் ஒரு பிடி இருக்கிறது. நாமும் புரிந்ததைப் ‘பிடிபட்டது’ என்கிறோமே. ஆங்கிலேயர் ‘காட் இட்’ என்றால் அதே பிடிபட்டதுதான்.

மூன்றாம் படி: அடுத்து வரும் சொல்லைப் பார்ப்பது

‘கெட்’ தனியாக நின்றால் பொருளை நிச்சயிக்க முடியாது. அதற்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து ஒரு பொருளின் பெயர் வந்தால் வாங்கு, எடுத்து வா, கிடை, இவற்றில் ஒன்று. ‘கெட் த கீ’ என்றால் சாவியை எடுத்து வா. ‘ஐ காட் த லெட்டர்’ என்றால் கடிதம் கிடைத்தது. நாம் முயன்று பெற்றதை ‘வாங்கினேன்’ என்றும், தானாக வந்ததைக் ‘கிடைத்தது’ என்றும் பிரித்துச் சொல்வோம். ஆங்கிலத்தில் இந்தச் சொல் இரண்டையும் பிரிக்காது. காசு கொடுத்து வாங்கினேன் என்று சந்தேகமில்லாமல் சொல்ல வேண்டுமானால் ‘பாட்’ என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்து இடத்தின் பெயர் வந்தால் போய்ச் சேர். ‘ஹவ் டு கெட் டு ஃபேரர் பார்க்?’ என்றால் அங்கே எப்படிப் போய்ச் சேர்வது. வழி கேட்கும்போது ஒரு எச்சரிக்கை: நம் ஆட்கள் லிட்டில் இந்தியாவை ‘சிராங்கூன்’ என்றே சொல்லிப் பழகியிருக்கிறார்கள், சிராங்கூன் ரோடு அதன் நடுவில் ஓடுவதால். ஆனால் சிராங்கூன் எம்ஆர்டி ரயில் நிலையம் வேறு. வடகிழக்குத் தடத்தில் லிட்டில் இந்தியாவிலிருந்து ஃபேரர் பார்க், பூன் கெங், பொத்தோங் பாசிர், உட்லீ எல்லாம் தாண்டித்தான் அது வரும். எனவே லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைப் பக்கம் போக வேண்டியவர்கள் ‘லிட்டில் இந்தியா’ என்றே கேளுங்கள்.

வண்டியில் ஏறி இறங்க ஒரு கணக்கு இருக்கிறது. உள்ளே எழுந்து நடமாடக்கூடிய வண்டி என்றால், அதாவது பேருந்து, ரயில், ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. குனிந்து உள்ளே போய் உட்காரும் கார், டாக்சி என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. ஊரில் நாம் பஸ்ஸிலிருந்து ‘கெட் டவுன்’ ஆகிப் பழகியவர்கள். அது ‘இறங்கு’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டது. இங்கே அப்படிச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்தான், ஆனால் தளத்தில் ‘கெட் டவுன்’ என்றால் குனி, படு என்றும் ஆகும். அதனால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, சிங்கப்பூரில் பேருந்திலும் ரயிலிலும் இறங்குவதற்கு ‘அலைட்’ என்ற சொல்லையே அதிகம் பார்ப்பீர்கள், கேட்பீர்கள். அது ‘கெட் ஆஃப்’தான்.

அடுத்து ஒரு நிலையைச் சொல்லும் சொல் வந்தால் ‘ஆகு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘கெட் டயர்ட்’ களைப்பாவது, ‘கெட் வெட்’ நனைவது, ‘கெட் மேரீட்’ கல்யாணம் ஆவது. ‘ஐ காட் லாஸ்ட்’ என்றால் வழி தவறிவிட்டேன், தாராளமாகச் சொல்லலாம். அதையே எதிரில் நிற்பவரைப் பார்த்து ‘கெட் லாஸ்ட்’ என்று ஏவலாகச் சொன்னால் ‘ஒழிந்து போ’ என்று வைவதாகிவிடும்.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த இடம். ‘ஐ காட் ஸ்கோல்டட்’ என்பதை எப்படித் தமிழில் சொல்வீர்கள்? திட்டப்பட்டேன் என்று யாரும் பேசுவதில்லை. ‘திட்டு வாங்கினேன்’ என்றுதான் சொல்வோம். அடி வாங்கினான், உதை வாங்கினான், நல்ல பேர் வாங்கினான். இப்போது ‘கெட் ஹிம் டு சைன்’ என்பதைப் பாருங்கள். அவரிடம் கையெழுத்து வாங்கு. ஆளை வைத்து வேலையை முடிப்பதை ‘வேலை வாங்குவது’ என்போம். கடையில் அரிசி வாங்குவது, மேலதிகாரியிடம் திட்டு வாங்குவது, ஆளிடம் வேலை வாங்குவது, மூன்றுக்கும் நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்திலும் ஒரே சொல். ‘கெட்’டை ‘வாங்கு’ என்று நினைத்துக்கொண்டாலே முக்கால்வாசி இடத்தில் சரியாக வந்துவிடும்.

சிங்கப்பூர்க்காரர்கள் இதில் கெட்டது நடந்தால் ‘கெனா’ என்ற மலாய்ச் சொல்லையும் போடுவார்கள். ‘கெனா ஸ்கோல்டிங்’ என்றால் திட்டு வாங்குவது, ‘கெனா ஃபைன்’ என்றால் அபராதம் வாங்குவது. நல்ல விஷயத்துக்கு வழக்கமாக அது வராது.

நான்காம் படி: சிங்கப்பூர் ‘காட்’டைக் கேட்பது

மேலே சொன்னது எல்லா ஊர் ஆங்கிலத்துக்கும் பொருந்தும். இனி வருவது இந்த ஊருக்கே உரியது. புதிதாக வந்தவர்கள் திணறுவதும் இங்கேதான். தமிழர்களுக்கு மிகச் சுலபமாக வர வேண்டியதும் இங்கேதான்.

காப்பிக் கடை ஒன்றில் நிற்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் கேட்கிறார்: “அங்கிள், காட் தே ஓ?” கடைக்காரர் “காட், காட்” என்கிறார். தே ஓ என்றால் பால் இல்லாத, சர்க்கரை போட்ட தேநீர். ஆங்கிலப் புத்தகம் படித்தவருக்கு இந்தக் கேள்வி விளங்காது. யார் பெற்றார்கள், எதைப் பெற்றார்கள் என்று தேடுவார். இந்தக் ‘காட்’டுக்கும் பெறுவதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. இதற்கு ‘இருக்கு’ என்று பொருள். “அங்கிள், தே ஓ இருக்கா?” “இருக்கு, இருக்கு.” அவ்வளவுதான்.

இது எப்படி வந்தது? சீனர்கள் பேசும் ஹொக்கியனில் ‘ஊ’, மாண்டரினில் ‘யோ’, மலாயில் ‘அடா’. இந்த மூன்று சொற்களுமே என்னிடம் இருக்கிறது என்பதற்கும், ஓர் இடத்தில் இருக்கிறது என்பதற்கும் பொதுவாக வருபவை. ஆங்கிலத்தில் அவை இரண்டும் வேறு வேறு வாக்கியங்கள். அந்த மொழிகளைப் பேசியவர்கள் ஆங்கிலம் பேசத் தொடங்கியபோது, இரண்டுக்கும் ‘காட்’ என்ற ஒன்றையே போட்டுக்கொண்டார்கள். தமிழும் அந்தப் பக்கம்தான். ‘எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க’, ‘மேசையில் சாவி இருக்கு’: இரண்டிலும் ‘இரு’தானே. அதனால் இங்கே வந்து ‘காட்’டைப் பழக நீங்கள் புதிதாக ஒன்றும் கற்க வேண்டியதில்லை. மனசுக்குள் ‘இருக்கு’ என்று சொல்லுங்கள், வாயில் ‘காட்’ என்று வரட்டும்.

உணவங்காடியில் உட்கார இடம் தேடும்போது “ஹியர் காட் பீப்பிள்?” என்று கேட்டால் ‘இங்கே ஆள் இருக்கா?’ மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் மட்டும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அது யாரோ இடம் பிடித்துவிட்டதற்கு அடையாளம். அதற்கு ‘சோப்’ என்று பெயர். பொட்டலத்தை நகர்த்திவிட்டு உட்காராதீர்கள்.

இல்லை என்பதற்குப் பதில் ‘நோ மோர்’, ‘டோண்ட் ஹேவ்’ என்று வரும். சிலர் சீனத்திலேயே ‘மெய் யோ’ என்பார்கள். தட்டுப்பட்டால் பயப்பட வேண்டாம். கடைக்காரர் கோபமாக இல்லை, பொருள்தான் தீர்ந்துவிட்டது.

அடுத்து ‘வேர் காட்?’ இதைக் கேட்டு, ‘எங்கே இருக்கிறது என்று விசாரிக்கிறார் போல’ என்று இடம் காட்டப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். “நீ நேத்து லேட்டா வந்தே” என்று சொன்னால், “வேர் காட்?” என்று பதில் வரும். கேள்வி மாதிரி ஒலிக்கும் மறுப்பு அது. மலாயிலும் ‘மானா அடா’ என்று இதே அமைப்பு உண்டு. நம்மிடம் இல்லையா? “அவன் எங்கே சாப்பிட்டான்?” என்று ஓர் அம்மா அலுத்துக்கொண்டால், சாப்பிட்ட இடத்தையா கேட்கிறார்? சாப்பிடவில்லை என்கிறார். ‘வேர் காட்’டும் அதே அலுப்புதான், அதே இழுப்புதான்.

இன்னொரு வகை, வினைக்கு முன்னால் வரும் ‘காட்’. “யூ காட் கோ தேக்கா ஆர் நாட்?” என்று கேட்பார்கள். இதை வார்த்தை வார்த்தையாகப் பிரித்தால் ஒன்றும் தேறாது. ‘தேக்கா போனதுண்டா இல்லையா?’ என்று ‘உண்டு’ போட்டுப் பாருங்கள், பளிச்சென்று விளங்கும். “ஐ காட் டெல் ஹிம்” என்றால் ‘அவரிடம் சொன்னதுண்டு’, சொல்லத்தான் செய்தேன் என்ற அழுத்தம். ஹொக்கியன் ‘ஊ’ இப்படித்தான் வினைக்கு முன்னால் நிற்கும்.

இதைப் பேசலாமா கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2000இல் அரசாங்கம் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கத்தையே தொடங்கியிருக்கிறது. பள்ளியிலும் நேர்காணலிலும் எதிர்பார்ப்பது அந்த ஆங்கிலம்தான். என் கருத்தைச் சொல்கிறேன். கடையில், தங்குவிடுதியில், சக ஊழியரிடம் ‘காட்’ என்று பேசுங்கள். அது இந்த ஊர் அக்கம்பக்கத்தின் மொழி, அதைப் பேசினால் மனிதர்கள் சீக்கிரம் நெருங்குவார்கள். நேர்காணலிலும் அலுவலகத்திலும் ‘டு யூ ஹேவ்’, ‘இஸ் தேர்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டையும் தெரிந்துவைத்திருப்பதில்தான் பலம்.

ஊரிலிருந்து நாம் கொண்டுவருகிற ஒன்றையும் இங்கே விட்டுவிட வேண்டும்: ‘ஐ காட் எ டவுட்’. நமக்கு டவுட் என்றால் கேட்டுத் தெளிய வேண்டிய சந்தேகம். இங்கே மேலதிகாரிக்கு அது, நீங்கள் அவர் சொன்னதை நம்பவில்லை என்பதுபோல் படலாம். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்று சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: ஊகிக்கக் கூடாத இடங்கள்

கடையில் தப்பாகப் புரிந்துகொண்டால் தே ஓவுக்குப் பதில் வேறு ஏதாவது வரும். அதைக் குடித்துவிட்டுப் போகலாம். இரண்டு இடங்களில் மட்டும் அப்படி விட முடியாது.

ஒன்று வேலைத் தளம். ‘கெட் பேக்’ என்று கத்தினால் பெரும்பாலும் பின்னால் விலகு என்று பொருள். ‘கெட் கிளியர்’ என்றால் ஆபத்து வரும் பாதையிலிருந்து முழுசாக ஒதுங்கு. ‘கெட் டவுன்’ உயரத்தில் நிற்பவரைப் பார்த்துச் சொன்னால் கீழே இறங்கு, தரையில் நிற்பவரைப் பார்த்துச் சொன்னால் குனி. ‘கெட் அவுட்’ வெளியே போ. மூன்றெழுத்துச் சொல், பின்னால் ஒட்டுகிற குட்டிச் சொல், இரண்டும் இயந்திரச் சத்தத்தில் பாதிதான் கேட்கும். எனவே சொல்லை மட்டும் நம்பாதீர்கள். சத்தம் கேட்டதும் முதலில் நில்லுங்கள். கத்தியவரின் கையைப் பாருங்கள், கை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போங்கள். நகரும் வண்டிக்குக் குறுக்கே மட்டும் எக்காரணம் கொண்டும் ஓடாதீர்கள்.

இதைவிட நல்லது, முன்கூட்டியே கேட்டுவைப்பது. தளங்களில் காலையில் வேலை தொடங்கும் முன் டூல்பாக்ஸ் மீட்டிங் என்று பாதுகாப்பு பற்றிய சின்னக் கூட்டம் நடக்கும். அங்கே மேற்பார்வையாளரிடம், “ஆபத்து என்றால் என்ன சொல்லிக் கத்துவீர்கள், கையை எப்படிக் காட்டுவீர்கள்?” என்று கேளுங்கள். தமிழ் தெரிந்த ஒருவரை வைத்தாவது கேளுங்கள். நான் பார்த்தவரை இந்தக் கேள்விக்குக் கோபப்பட்ட மேற்பார்வையாளர் ஒருவரும் இல்லை.

அந்தக் கூட்டத்தில் எல்லாரும் கடைசியில் ‘காட் இட், பாஸ்’ என்பார்கள். நீங்களும் சேர்ந்து சொல்லிவிடாதீர்கள். பிடிபட்டால் மட்டும் சொல்லுங்கள். பிடிபடவில்லை என்றால் ‘சே அகெய்ன், பிளீஸ்’ என்று மூன்று வார்த்தை போதும். புரியாமல் ‘காட் இட்’ சொன்னால், அதை நம்பி உங்களை அந்த வேலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

அதே ‘கெட் பேக்’ போனில் ‘கெட் பேக் டு மீ’ என்று வந்தால் ‘அப்புறம் பதில் சொல்லு’ என்று அர்த்தம். நேரில் ஓட வேண்டாம்.

இரண்டாவது இடம் மருந்தகம், அதாவது கிளினிக். மருத்துவரோ தாதியோ மருந்து கொடுப்பதற்கு முன் “காட் டிரக் அலர்ஜி?” என்று கேட்பார்கள். எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்பதுதான் கேள்வி. தலையை மட்டும் ஆட்டாதீர்கள், நம் தலையாட்டல் அவர்களுக்குக் குழப்பம். அதிலும் “நோ அலர்ஜி, ரைட்?” என்று எதிர்மறையாகக் கேட்டால், நாம் ‘ஆமாம், இல்லை’ என்ற பொருளில் ‘யெஸ்’ என்போம். அவர்கள் அதை ‘ஒவ்வாமை உண்டு’ என்றும் எடுத்துக்கொள்ளலாம். முழுசாகச் சொல்லுங்கள்: ‘நோ அலர்ஜி’. இருந்தால் மருந்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெயரை ஒரு சீட்டில் எழுதி பர்சில் வைத்திருப்பது இன்னும் நல்லது.

தலைவலி வருகிறது என்பதை ‘ஐ ஆம் கெட்டிங் ஹெட்ஏக்ஸ்’ என்று சொன்னால் அடிக்கடி வந்துபோகிறது என்று மருத்துவர் எழுதிக்கொள்வார். இப்போதுதான் வலிக்கிறது என்றால் ‘ஐ ஹேவ் எ ஹெட்ஏக்’. வேலைக்கு விடுப்புச் சீட்டு வேண்டுமென்றால் ‘கேன் ஐ கெட் எம்சி?’ என்று கேளுங்கள்.

ஆறாம் படி: எழுதும்போது

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மின்னஞ்சலிலும் விண்ணப்பத்திலும் சிங்கப்பூர் ‘காட்’ வேண்டாம். ‘கிடைத்தது’ என்ற இடத்தில் ‘ரிசீவ்ட்’, ‘போய்ச் சேர்ந்தேன்’ என்ற இடத்தில் ‘அரைவ்ட்’ என்று போட்டால் எந்த அலுவலகத்திலும் நிற்கும். அமெரிக்கக் கம்பெனியிலிருந்து வரும் மடலில் ‘காட்டன்’ என்று பார்த்தால் அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம். இந்தச் சொல்லின் பழைய வடிவம் அது, அமெரிக்காவில் தங்கிவிட்டது. பிரிட்டனில் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. ‘ஃபர்காட்டன்’ போன்ற சொற்களுக்குள் அங்கேயும் உயிரோடு இருக்கிறது.

ஏழாம் படி: நோட்டு

சட்டைப்பையில் அடங்குகிற நோட்டு ஒன்று வாங்குங்கள். தேக்கா பக்கம் எந்தக் கடையிலும் கிடைக்கும். நாளுக்கு மூன்று ‘கெட்’ அல்லது ‘காட்’, அதற்குமேல் வேண்டாம். கேட்டதைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். பக்கத்தில் யார் சொன்னார், எங்கே சொன்னார் என்று ஒரு வரி. அப்புறம் அதற்குத் தமிழில் வாங்கு, கிடை, ஆகு, சேர், இருக்கு, உண்டு, பிடிபடு இவற்றில் எது பொருந்துகிறது என்று பாருங்கள். எதுவும் பொருந்தவில்லை என்றால் வட்டம் போட்டு வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தில் பெரிய ஆங்கில அகராதிகளை உட்கார்ந்தே புரட்டலாம்; அங்கே போனால் இந்தச் சொல்லுக்கு எத்தனை பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

லாரிக்குப் பின்னால் ஓடிய அந்தத் தம்பி இப்படி ஒரு நோட்டு வைத்திருந்தான். இரண்டு மாதத்தில் அது நிரம்பியது. முதல் பக்கத்தில் ஒரே வரிதான் எழுதியிருந்தான்: ‘கெட் பேக். வண்டியை விட்டு விலகு. எந்தப் பக்கம்னு கையைப் பாரு.’